பட்டா இல்லை, வாயும் இல்லையா?



"நகரப் புதுப்பிப்பு மசோதாவெல்லாம் பட்டணத்துக்காரங்க விவகாரம். தோட்டத்துல கெடக்கிற நமக்கு என்னங்க அதுல?" சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்வது நம் கடமை.

2025 ஆகஸ்ட் 21-இல் அம்மசோதா மக்களவைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லா உரிமையாளரின் சம்மதமும் இனி வேண்டியதில்லை. 30 ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு 75 விழுக்காடும், அதற்குட்பட்டதற்கு 80 விழுக்காடும், கைவிடப்பட்டதற்கு 51 விழுக்காடும் போதும் என்றது. இடிந்து விழும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்ற அரசாங்கத்தின் வாதத்தை நாம் தள்ளவில்லை. ஆனால் "சம்மதிக்காதவன் எங்கே போவான்?" என்று மக்கள் கேட்டார்கள். அரசாங்கத் தரப்பு உறுப்பினர்களே சிலர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மசோதா நிறைவேறாமல் தள்ளிப் போனது.

இப்போது நம் கதையைப் பாருங்கள். அங்கே நூற்றுக்கு 25 பேர் சம்மதம் விட்டுப் போகிறதே என்று நாடே பேசியது. தோட்டம் கைமாறும்போது லயத்தில் எத்தனை பேரிடம் சம்மதம் கேட்கிறார்கள்? ஒருவரிடமும் இல்லை! மூன்று தலைமுறை பால் வெட்டினாலும் பட்டா நம் பெயரில் இல்லை. வேலை போச்சா, வீடும் போச்சு.

கெடாவுக்கு இது புதிதல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய பங்குப் பணத்தில் 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். பிறகு நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். சத்தம் போட்ட பிறகுதான் சட்டம் வந்தது. மறக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எந்த நிலம் விவசாயத்துக்கு, எது வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு என்று உள்ளூர்த் திட்டம் வரைகிறார்கள். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி அந்த நகல் திட்டத்தை நகராண்மைக் கழகம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களை விசாரணைக்குழு கேட்க வேண்டும். அதற்குப் பட்டா தேவையில்லை!

ஆனால் அந்த நான்கு வாரம் நமக்குத் தெரியாமலே ஓடிவிடுகிறது. மண்வாரி இயந்திரம் கோயில் வாசலுக்கு வந்த பிறகு மனு எழுதி என்ன பயன்?

ஆகவே தோட்டத்துக்கு இருவர் பொறுப்பெடுங்கள். கூலிமோ, சுங்கைப் பட்டாணியோ, கழக அலுவலகத்தில் மாதம் ஒரு தடவை அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். உங்கள் தோட்டத்தின் பெயர் வந்தால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு, மாற்று வீடு, எல்லாவற்றையும் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

பட்டணத்து மக்கள் மசோதாவையே நிறுத்தி வைத்தார்கள். நாம் நான்கு வாரம் விழித்திருக்க மாட்டோமா?