நாலு தந்தி, நாலு பிடி, ஒரு பாட்டு

பாட்டு கிளாஸ், வீணை, வயலின் எல்லாவற்றையும் கல்யாணப் பத்திரிகை அச்சான கையோடு மூட்டை கட்டிப் பரணில் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்புறம் குழந்தை, அதன் பால், அதன் தூக்கம்... வீணையை எடுத்து, பாய் விரித்து, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் தொட்டிலிலிருந்து குரல் வந்துவிடுகிறது. அந்தச் சகோதரிகளுக்காக இந்த இதழில் ஒரு குட்டி வாத்தியம்: யுகுலேலே. பார்க்கக் கிட்டாருக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், எடுத்து வாசித்துவிட்டு வைத்துவிடலாம்.

ஹவாய்த் தீவு வாத்தியம் என்று பெயரே தவிர, இதற்குப் பிறந்த வீடு போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவு. 1879-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக அங்கிருந்து ஒரு கப்பல் நிறைய ஜனங்கள் ஹொனலூலுவில் வந்து இறங்கினார்கள். கூடவே அவர்கள் ஊர்ச் சின்ன நாலு தந்தி வாத்தியமும் வந்தது. மரவேலை தெரிந்த மூன்று பேர் அங்கேயே பட்டறை போட்டுச் செய்து விற்றார்கள். ‘குதிக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று அதன் பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். பிறந்த வீடு மறந்து, புகுந்த வீட்டுப் பெயரே நிலைத்துவிட்டது. நமக்குப் புதிதா என்ன!

வாங்கும்போது 21 அங்குலம் (சோப்ரானோ), 23 அங்குலம் (கான்செர்ட்) என்று அளவு சொல்வார்கள். விரல் நெருக்கியடிக்காமல் இருக்க 23 சௌகரியம். தந்தி நைலானாக இருக்கட்டும். பொம்மைக் கடையில் கலர் கலராகத் தொங்குவது வேண்டாம். முறுக்காணி வழுக்கி, சேர்த்த சுருதி நிற்கவே நிற்காது.

முதலில் ஸ்கேல், அப்புறம் பயிற்சி, ஆறு மாசம் கழித்துப் பாட்டு என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. வீட்டில் இருப்பவளுக்கு முதல் வாரமே ஒரு பாட்டின் வாடையாவது அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியம் அலமாரிக்குப் போய்விடும். அதற்கு ‘ஸ்டாண்ட் பை மீ’யைவிடத் தோதான பாட்டு இல்லை. 1961-இல் பென் இ. கிங் பாடியது. 1986-இல் இதே பெயரில் ஒரு சினிமா வந்தபோது மறுபடியும் ஓஹோ என்று ஓடியது. இதில் விசேஷம் என்னவென்றால், சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று என்று பிடி மாறுவதே இல்லை. ஒரே சுற்று, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு சுற்று கைக்கு வந்தால் முழுப் பாட்டும் வந்த மாதிரிதான்.

வாத்தியத்தை மார்போடு அணைத்துப் பிடித்தால் மேலே இருப்பது நாலாவது தந்தி, கீழே இருப்பது முதல் தந்தி. மேலிருந்து ஜி, சி, இ, ஏ. ஒரு கட்டையில் ஸட்ஜம் வைத்துப் பாடினால் இவை ப, ஸ, க, த. செல்போனில் சுருதி காட்டும் இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. புது நைலான் தந்தி சில நாள் இழுத்துக்கொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிடிகள். ‘சி’க்கு மோதிர விரல் ஒன்று போதும்: முதல் தந்தி, மூன்றாவது கட்டம். ‘ஏ மைனரு’க்கு அதை எடுத்துவிட்டு நடுவிரலை நாலாவது தந்தியில் இரண்டாவது கட்டத்தில் வையுங்கள். ‘எஃப்’ வரும்போது அந்த நடுவிரலைத் தூக்கவே கூடாது. அது அங்கேயே இருக்க, ஆள்காட்டி விரலை இரண்டாவது தந்தியின் முதல் கட்டத்தில் சேர்த்தால் ஆயிற்று. ‘ஜி’தான் கொஞ்சம் படுத்தும். ஆள்காட்டி மூன்றாவது தந்தியில் இரண்டாவது கட்டம், நடுவிரல் முதல் தந்தியில் இரண்டாவது கட்டம், மோதிர விரல் இரண்டாவது தந்தியில் மூன்றாவது கட்டம். மூன்று விரலும் ஒரு முக்கோணமாக உட்காரும்.

ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு ரொம்ப சுலபம். ‘சி’ ஒரு ஆவர்த்தனம். ‘ஏ மைனர்’ ஒரு ஆவர்த்தனம். அடுத்த ஆவர்த்தனத்தில் லகுவுக்கு ‘எஃப்’, இரண்டு திருதத்துக்கும் ‘ஜி’. மறுபடியும் ‘சி’ ஒரு ஆவர்த்தனம். முப்பத்திரண்டு அட்சரம், அவ்வளவுதான் சுற்று. எளிதான பிடிக்கு எட்டு எட்டாக அவகாசம், கஷ்டமான ‘எஃப்’புக்கும் ‘ஜி’க்கும் நாலு நாலுதான்! ஆகையால் அந்த மூன்றாவது ஆவர்த்தனத்தை மட்டும் தனியாக எடுத்து, வலது கை தொடாமலே, இடது விரல்களை மாற்றி மாற்றிப் பழகுங்கள். சத்தமே வராது, குழந்தை தூங்கும்போதுகூடச் செய்யலாம்.

வலது கை ஆள்காட்டி நகத்தால் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் மேலிருந்து கீழே ஒரே தட்டு. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளுக்கு ஒரு தட்டு வீதம் போதும். இடது விரல் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் போகட்டும், வலது கை மட்டும் நிற்கவே கூடாது. பிடி தப்பினால் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி தெரியாது. தாளம் நின்றால் மூன்று வயதுக் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும்.

விரல் நுனி முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கும், அது இயற்கை. ஐந்து நிமிஷமாகப் பிரித்து வாசியுங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரல் நுனி சிவந்திருக்கும் அன்று பச்சை மிளகாய் நறுக்கும் வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள்!

ஆனால் மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் வருகிற வலி வேறு சமாசாரம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது சகஜமாக வரும். குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி, கட்டை விரலை அசைக்கும் தசைநாண்களைச் சுற்றிய உறை வீங்கிவிடுகிறது. கட்டை விரலை மடக்கிப் பிடிக்கும்போது சுரீர் என்கிறதா? வாத்தியத்தை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குப் பட்டையும் ஓய்வும் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ராத்திரியில் விரல்கள் மரத்துப்போனாலும் சொல்லத் தவறாதீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இதெல்லாம் இருக்கும்தானே என்று நாமே முடிவு கட்டி, வலியோடு மாவு பிசைந்துகொண்டிருப்பதுதான் நம் வழக்கம்!

வாத்தியத்தை உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். கண்ணில் படும் இடத்தில், வெயில் படாத சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டுங்கள். தவழுகிற குழந்தைக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும். முறுக்காணியில் நீட்டிக்கொண்டிருக்கும் தந்தி முனை கண்ணில் குத்தும், அதை நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிடுங்கள்.