பாதியில் நின்ற கதை!

நெல்லையில் இருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் இருக்கிறது பனவடலிசத்திரம். அந்தப் பக்கத்து ஊர்களில் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். வில்லைத் தட்டிக் கதையைத் தொடங்கிவிட்டால், முடிக்காமல் போக முடியாது. பாட்டுக்காரர் நடுவில் எழுந்தால், ஊர் விடுமா?

"மீதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போங்க, அண்ணாச்சி!" என்று கூட்டமே சத்தம் போடும்.

இன்று அதே ஊரில் பஸ்சுக்கு நிற்கும் பையன் கையில் செல்போன் இருக்கிறது. அதில் முகமூடி போட்ட வீரர் ஒருவர் கொள்ளைக்காரர்களோடு மோதுகிறார். பையன் 10 பகுதிகள் பார்த்துவிட்டான். கடைசிப் பகுதியில் வில்லன் தப்பி ஓடுகிறான். அடுத்த பகுதி எப்போது?

வராது! கதையை எடுத்த கம்பெனி நிறுத்திவிட்டது.

பையன் யாரிடம் போய்க் கேட்பான்? "அண்ணாச்சி" என்று கூப்பிட அங்கே மேடையும் இல்லை, ஆளும் இல்லை.

உலகம் முழுவதும் ரசிகர்கள் இப்படி ஏமாந்து நிற்கிறார்கள். சிலர் சும்மா இருக்கவில்லை. கிளர்ச்சி செய்தார்கள். அவர்களில் ஜெயித்தவர்கள் யார்? தோற்றவர்கள் யார்? ஏன்?

கண் தெரியாத வக்கீல்

மாதச் சந்தா கட்டினால், இன்டர்நெட் வழியாக நினைத்த நேரத்தில் படம் பார்க்கலாம். இதைத்தான் "ஓ.டி.டி." என்கிறார்கள். இந்தத் தொழிலில் பெரிய கம்பெனி நெட்பிளிக்ஸ். அமெரிக்காவில் பிறந்த இந்தக் கம்பெனி 2016-ம் ஆண்டு இந்தியாவுக்கும் வந்தது.

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் "டேர்டெவில்" என்ற வீரர் தொடரை நெட்பிளிக்ஸ் வெளியிட்டது. கதாநாயகன் ஒரு வக்கீல். சிறு வயதில் கண் பார்வை போனவர். ஆனால், காது மிகவும் கூர்மை. பகலில் ஏழைகளுக்காகக் கோர்ட்டில் வாதாடுவார். இரவில் முகமூடி போட்டு அக்கிரமக்காரர்களை அடிப்பார். சார்லி காக்ஸ் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்தார்.

மூன்று சீசன்கள், மொத்தம் 39 பகுதிகள் வந்தன. மூன்றாவது சீசன் 2018 அக்டோபரில் வெளியானது. அதை எல்லோரும் பாராட்டினார்கள்.

நவம்பர் 29-ந் தேதி இடி விழுந்தது. "இனி டேர்டெவில் கிடையாது" என்று அறிவிப்பு வந்தது.

அவர் மட்டும் அல்ல. "அயர்ன் பிஸ்ட்", "லூக் கேஜ்", "பனிஷர்", "ஜெசிகா ஜோன்ஸ்" என்ற கூட்டாளிகளின் தொடர்களும் 2018 அக்டோபருக்கும் 2019 பிப்ரவரிக்கும் இடையே ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன.

காரணம் என்ன? இந்த வீரர்கள் எல்லாம் மார்வெல் கம்பெனியின் சொத்து. மார்வெல் கம்பெனி டிஸ்னி கம்பெனியின் சொத்து. டிஸ்னி தானே சொந்தமாக ஓ.டி.டி. கடை திறக்கப்போவதாக 2017-ம் ஆண்டே சொல்லிவிட்டது. நாளைக்கு எதிர்க் கடை வைக்கப்போகிறவரின் சரக்கை இன்று யார் செலவு செய்து வளர்ப்பார்கள்? இதுதான் காரணம் என்று பலரும் பேசினார்கள்.

ஒரு வாரத்தில் மூடுவிழா

இதைவிடக் கொடுமையும் நடந்தது. "ஸ்வாம்ப் திங்" என்ற தொடரின் முதல் பகுதி 2019 மே 31-ந் தேதி வந்தது. ஒரு வாரத்துக்குள், ஜூன் 6-ந் தேதி, "அடுத்த சீசன் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கதை நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று ரசிகர்கள் பார்க்கும் முன்பே முடிவு கட்டியாகிவிட்டது!

"ஜூபிடர்ஸ் லெகசி" என்ற தொடர் 2021 மே 7-ந் தேதி வெளியானது. ஒரு மாதம் நிறையும் முன்பே அதற்கும் முற்றுப்புள்ளி.

ஏன் இவ்வளவு அவசரம்? சினிமாவுக்கு ஒரு டிக்கெட், ஒரு ரூபாய்க் கணக்கு உண்டு. ஓ.டி.டி.யில் தனித்தனி டிக்கெட் கிடையாது. அதனால் கம்பெனி வேறு கணக்குப் போடுகிறது. எத்தனை பேர் பார்க்கத் தொடங்கினார்கள்? எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள்? அதற்கு ஆன செலவு எவ்வளவு? இவற்றைக் கூட்டிக் கழித்துத்தான் தொடரின் தலையெழுத்தை எழுதுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "பாதியில் நின்றுவிடுமோ? முழுக்கதையும் வந்த பிறகு பார்க்கலாம்" என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பதால் பார்த்தவர் கணக்கு குறைகிறது. கணக்கு குறைந்தால் தொடர் நிற்கிறது. பயந்தது போலவே நடந்துவிடுகிறது!

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

டேர்டெவில் ரசிகர்கள் ஒன்று சேர்ந்தார்கள். "டேர்டெவிலைக் காப்பாற்றுங்கள்" என்று இயக்கம் நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பலன் கிடைத்தது. 2021 டிசம்பரில் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் சார்லி காக்ஸ் அதே வக்கீலாகத் தலைகாட்டினார். 2025 மார்ச்சில் "டேர்டெவில்: பார்ன் அகெய்ன்" என்ற புதிய தொடரிலும் அவரே கதாநாயகன். இந்த முறை தொடர் வந்தது டிஸ்னியின் சொந்தக் கடையில். ரசிகர்களின் குரல் ஒரு பக்கம். கடைக்குச் சரக்கு வேண்டும் என்ற தேவை மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததால்தான் கதவு திறந்தது.

"சென்ஸ்8" என்று ஒரு தொடர். உலகின் பல ஊர்களில் இருக்கும் எட்டுப் பேர், ஒருவர் மனதை ஒருவர் அறியும் சக்தி பெற்றவர்கள். அவர்களில் ஒருத்தி மும்பைப் பெண். 2017 ஜூன் மாதம் முதல் தேதி அதை நெட்பிளிக்ஸ் நிறுத்தியது. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி இறங்கி வந்தது. "கதையை முடிக்க ஒரு நீண்ட பகுதி தருகிறோம்" என்றது. 2018 ஜூனில் அது வெளியானது.

"ஸ்வாம்ப் திங்" ரசிகர்களுக்கும் "ஜூபிடர்ஸ் லெகசி" ரசிகர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வேலைநிறுத்தம் செய்து வாங்கிய கதை

கதைக்காகக் கிளர்ச்சி செய்வது நம் நாட்டுக்குப் புதிது அல்ல.

தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் "ராமாயணம்" 1987 ஜனவரியில் தொடங்கியது. 1988 ஜூலை 31-ந் தேதி முடிந்தது. ராமர் பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக்கொண்டார்கள்.

பஞ்சாபில் ஜலந்தரிலும் வடநாட்டின் வேறு சில நகரங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகி முனிவரைத் தங்கள் குருவாக வணங்குகிறவர்கள் அவர்கள். சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுப்பதும், லவனையும் குசனையும் வளர்ப்பதும் பின்பகுதிக் கதையில்தான் வருகின்றன. "எங்கள் குரு வரும் கதையை விட்டுவிட்டீர்களே!" என்பது அவர்கள் குறை. தெருக்களில் குப்பை குவிந்தது. கடைசியில் "லவ குசா" கதை தனித் தொடராக வந்தது.

அவர்கள் ஏன் ஜெயித்தார்கள்? தூர்தர்ஷன் சர்க்காருடையது. தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

சக்திமானும் போனார்

நம் நாட்டுப் பிள்ளைகளின் சொந்த வீரர் "சக்திமான்". 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் பறக்கத் தொடங்கினார். அசட்டுக் கண்ணாடி போட்ட கங்காதரும் அவரே, சுழன்று வரும் சக்திமானும் அவரே. முகேஷ் கன்னா நடித்தார்.

2005 மார்ச்சில் சக்திமான் நின்றார். தூர்தர்ஷனுக்குக் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, கட்டுப்படியாகவில்லை என்று முகேஷ் கன்னா பிறகு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? "சக்திமான் எப்போ வருவார்?" என்றுதான் அவர்கள் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவுக்கும் பதில் தெரியாது.

அதே 2005-ம் ஆண்டில்தான் தமிழ்ப் பிள்ளைகளின் "ராணி காமிக்ஸ்" புத்தகமும் நின்றது. 1984-ல் தொடங்கிய புத்தகம் அது. முகமூடி வீரர் மாயாவியைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோனது.

பெட்டியில் இருக்கும் மாயாவி

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து சிவகாசி அதிக தூரம் இல்லை. அந்த ஊரில்தான் 1972-ம் ஆண்டு "முத்து காமிக்ஸ்" பிறந்தது. முதல் புத்தகம் "இரும்புக்கை மாயாவி". 1984-ல் "லயன் காமிக்ஸ்" வந்தது. இந்தப் புத்தகங்களும் நடுவில் சில காலம் ஒழுங்காக வராமல் திண்டாடின.

ஆனால், வந்த புத்தகம் வாங்கியவர் வீட்டில் இருந்தது. பரண் மேல் இருந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்தது. அண்ணன் படித்ததைத் தம்பி படித்தான். அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பழைய புத்தகக் கடையில் விலைக்கும் கிடைத்தது. புத்தகம் நின்றாலும், மாயாவி சாகவில்லை.

பழைய வாசகர்கள் மறக்காமல் காத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. வாசகர்கள் முன்கூட்டியே சந்தா கட்டினார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அச்சிடுகிறவருக்குத் தெரிந்தது. புத்தகம் வரும் என்று பணம் கட்டியவருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் நம்பிக்கை.

ஓ.டி.டி.யில் கதை அப்படி இல்லை. "ரன்அவேஸ்" என்ற மார்வெல் தொடரைக் கேளுங்கள். 2017 முதல் 2019 வரை மூன்று சீசன்கள் வந்தன. 2023 மே மாதம் டிஸ்னி தன் கடையில் இருந்தே அதை எடுத்துவிட்டது. அதோடு இன்னும் பல தொடர்களையும் படங்களையும் எடுத்தது. இதற்காகத் தன் கணக்கில் 150 கோடி டாலர் குறைத்து எழுதியது. சந்தா கட்டியவர் மறுநாள் தேடினால், தொடர் அங்கே இல்லை!

ஆகவே, குடும்பத்தில் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓ.டி.டி.க்கு மாதம் கட்டும் பணம் வாடகைப் பணம். விலைப் பணம் அல்ல. வீட்டுக்காரர் நினைத்தால் கட்டிலை எடுத்துக்கொண்டு போகலாம்.

கேட்பதில் தவறு இல்லை

"வெறும் கதைதானே! இதற்கு ஏன் இந்தக் கூச்சல்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம்.

நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் பிடிபடுவான் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் வீரர் கதையைப் பார்க்கிறார்கள். வில்லன் தப்பி ஓடும் இடத்தில் கதையை நிறுத்தினால், அந்த நம்பிக்கை அந்தரத்தில் தொங்குகிறது. பிள்ளையின் ஏக்கம் சின்ன விஷயம் அல்ல.

அதற்காக நடிகரைத் திட்டுவதும், எழுதியவரை ஏசுவதும் சரி அல்ல. தொடர் நின்றால் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள்தான். டேர்டெவில் ரசிகர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். சென்ஸ்8 ரசிகர்களுக்கு ஒரே ஒரு கடைசிப் பகுதி கிடைத்தது. கதை முழுமை பெற்றது.

லாபம் இல்லாத தொடரை வருடக்கணக்கில் ஓட்டுங்கள் என்று எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், முடிவைச் சொல்லிவிட்டு நிறுத்தலாம் அல்லவா? சந்தா வாங்கியவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.

வில்லுப்பாட்டுக்காரர் விடிய விடியக் கதை சொல்வார். தொண்டை கட்டிவிடும். முன்னால் பாதிப் பேர் தூங்கிப் போயிருப்பார்கள். ஆனாலும் வாழி பாடித்தான் வில்லை இறக்குவார்.

கோடி கோடியாகப் பணம் போட்டுக் கதை சொல்கிறவர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம்!