மலைப்பாதையில் முன்னால் போகிறவன் யார்?



ஞாயிற்றுக்கிழமை காலையானால் பட்டணத்துக் கார்கள் வரிசை பிடித்து வருகின்றன. செம்பனை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் நிற்கின்றன. இறங்குகிறவர்கள் முழங்காலுக்கு உறை, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, நான்கு தடித்த சக்கரம் வைத்த ஏடிவி வண்டியில் ஏறி மலைக்குள் போகிறார்கள். இன்னொரு கூட்டம் ஸ்கிரம்பளர் மோட்டார் சைக்கிளை லோரியில் ஏற்றிக்கொண்டு வருகிறது. கெமென்சா, உலு லங்காட், கோப்பேங் பக்கமெல்லாம் இந்தச் சத்தம் கேட்கிறது. சேறு பூசிக்கொண்டு, அருவியில் குளித்துவிட்டு, மத்தியானம் வீடு திரும்புகிறார்கள். அதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வாரமெல்லாம் உழைத்த மனுசன் ஒரு நாள் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வரிசையில் முதல் வண்டியைக் கொஞ்சம் பாருங்கள் என்றுதான் நாம் சொல்கிறோம். அதை ஓட்டிக்கொண்டு வழிகாட்டிப் போகிறவன் யார்? சில இடங்களில் கம்பத்துப் பிள்ளை. சில இடங்களில் ஓராங் அஸ்லி பிள்ளை. இன்னும் சில இடங்களில் நம்ம வீட்டுப் பிள்ளை. அப்பா குலை வெட்டியவர், அம்மா மருந்து அடித்தவர். பையன் ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டான். சனி ஞாயிறு இரண்டு நாளும் மலைக்குள் ஆட்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறான்.

நம் பெரியவர்கள் சிலர் இந்தப் பிள்ளைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "மோட்டர வச்சிக்கிட்டுக் காட்டுல சுத்துறான், உருப்படாத பய" என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சு நியாயமில்லை. மழை பெய்து ஊறிய செம்மண் ஏற்றத்தில் வண்டியை வழுக்காமல் ஏற்றி இறக்குவது சாமானியமான வித்தை அல்ல. இறக்கத்தில் கியரைக் குறைத்து, இஞ்சின் இழுப்பிலேயே இறங்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா கப்சாயில் பின்னால் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போனபோது, முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பழகியது.

அந்தக் கப்சாய்க்கே ஒரு கதை உண்டு. ஹோண்டா கம்பெனி 1958-இல் சூப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அது அமெரிக்காவுக்குப் போனபோது, ஐடஹோ மாநிலத்தில் ஒரு வியாபாரி, வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் மலைக்குப் போகிறவர்களுக்காக அதன் பின் சக்கரத்து ஸ்புரோக்கெட்டைப் பெரிதாக்கி, முரட்டு டயர் போட்டு விற்றார். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். அதன் விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனியே 1961-இல் டிரெயில் 50 என்று மலைப்பாதைக்கென்று ஒரு வண்டி செய்தது. நம்ம ஆட்கள் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அதே ஸ்புரோக்கெட்டை மாற்றினார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏடிவியையும் அதே கம்பெனிதான் 1970-இல் மூன்று சக்கரத்தோடு அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. மூன்று சக்கரம் திருப்பத்தில் கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்படப் பல பேர் செத்தார்கள். கடைசியில் அந்த நாட்டு அரசாங்கம் வழக்குப் போட, 1988-இல் கம்பெனிகள் புது மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. நான்கு சக்கரம் வந்ததால் ஆபத்து ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. வண்டி மட்டும் இருநூறு, முந்நூறு கிலோ எடை இருக்கும். முறுக்குகிற ஆக்சிலேட்டர் அல்ல, கட்டைவிரலால் அழுத்துகிற நெம்பு. பழக்கமில்லாத ஆள் பயந்துபோய்க் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால், விரலும் சேர்ந்து அழுத்தும்; வண்டி பாயும். சரிவில் குறுக்கே திரும்பினால் உருளும். காலைத் தரையில் ஊன்றினால் பின் சக்கரம் பாதத்தை ஏறும்.

அந்த வண்டி ஏற்றத்தில் சிக்கிக்கொள்ளும்போது கீழே நின்று தோள் கொடுத்துத் தள்ளுகிறவன் யார்? வாடகை கொடுத்து வந்தவர் அல்ல. வழிகாட்டிப் பையன்தான். நாங்கள் கேட்டறிந்தவரை, இந்தப் பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

எங்களிடம் வந்த ஒரு தாயாரின் கதையைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். மகனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. வண்டி வைத்திருந்த முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். கையில் இருநூறு வெள்ளியும் ஒரு டின் மைலோவும் கொடுத்தார். பிறகு வரவில்லை. பையன் நாலு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தான். "ஐயா, இவனுக்கு சொக்சோ ஏதாச்சும் கெடைக்குமா?" என்று அந்தம்மா கேட்டார். முதலாளியிடம் போன் போட்டுக் கேட்டோம். "அவன் எங்க ஆளு இல்லைங்க, சும்மா ஒத்தாசைக்கு வர்ற பையன். என் தம்பி மாதிரி" என்றார்.

தம்பி மாதிரி! தோட்டத்தில் நம்மை 'என் பிள்ளைகள்' என்று அழைத்த துரைமார்களையும் நாம் பார்த்தவர்கள்தானே.

முதலாளி என்ன உறவு சொன்னாலும் சொல்லட்டும், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு 2022-இல் ஒரு திருத்தம் வந்து, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவன் எப்படி வேலை செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை இன்னொருவர் கட்டுப்படுத்தினால், வேலைக்கான கருவியை அவர் கொடுத்தால், அதற்கு எதிரான சாட்சி காட்டாத வரை அவன் தொழிலாளி என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. காலை எட்டு மணிக்கு வா என்கிறார். எந்தப் பாதையில் போ என்கிறார். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, பனியனில் அச்சடித்த பெயரும் அவருடையது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொழிலாளி என்று ஆகிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வருகிறது. 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரே ஓர் ஆளை வைத்திருந்தாலும் முதலாளி சொக்சோவில் பதிய வேண்டும். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு உண்டு. நாலு நாளும் அதற்கு மேலும் டாக்டர் லீவு கொடுத்தால், அந்த நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் எண்பது விழுக்காடு உண்டு. இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. முறையாகப் பதிந்திருந்தால் அந்தப் பையனுக்கு மாதம் ஏறத்தாழ 1,360 வெள்ளி வந்திருக்கும். நிரந்தரமாகக் கால் ஊனமானால் அதற்குத் தனி. உயிர் போனால் குடும்பத்துக்கு உதவிப் பணம். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம் தோட்டத்தில் குலை வெட்டுகிற தோழர்களுக்கு 2019 முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் கிடைத்திருக்கிறது. கிடைக்கட்டும், நல்லது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மலைக்குள் பெயரில்லாமல் விழுந்து கிடப்பானேன்?

சவாரிக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கிறார்களே, அதையும் கணக்குப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. வண்டியைக் கழுவுகிற நேரம், பஞ்சர் ஒட்டுகிற நேரம், ஆள் வரும்வரை காத்திருக்கிற நேரம் எல்லாம் வேலை நேரம்தான். பிள்ளைகளைக் கேட்டால் "போற டிரிப்புக்குத்தான் காசுண்ணே" என்கிறார்கள்.

இன்னொரு விஷயம் பயத்தைப் பற்றியது. மலையில் மேலே மழை பெய்யும், கீழே வெயில் அடிக்கும். ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், பின்னாலேயே பெருவெள்ளம் வருகிறது என்று மலையறிந்தவனுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் கெடா யான் பக்கம் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் உயிர்கள் போயின. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரம் போட்டுத் தூங்கிய 31 பேர் மாண்டார்கள். அந்தச் சரிவுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மலைச்சரிவில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போகிற எந்தத் தொழிலுக்கும் அது ஒரு எச்சரிக்கை. "இன்னிக்கு ஆத்தைத் தாண்ட வேணாம்" என்று பையன் சொன்னால், "காசு வாங்கியாச்சு, போடா" என்று முதலாளி சொல்வார். அப்போது அவன் மறுக்கலாமா? மறுக்கலாம். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று முதலாளிக்குச் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இந்த ஒரு வரியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

பெர்மிட் விவகாரமும் இருக்கிறது. நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் போவதற்கு 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வன இலாகாவின் அனுமதி வேண்டும். ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்று ஜேபிஜே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாமல் போய்ப் பிடிபட்டால், அங்கே நிற்பவன் பையன். முதலாளி வீட்டில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கிளம்புவதற்கு முன்னால் 'பெர்மிட்டைக் காட்டுங்கள்' என்று கேட்பதற்குப் பிள்ளைகள் வெட்கப்படக் கூடாது. அதோடு, ஒரே தடத்தில் ஓயாமல் சக்கரம் ஓடினால் குழி விழும், மழைத் தண்ணீர் அந்தக் குழி வழியே மண்ணை அரித்துக்கொண்டு வரும். அது வந்து சேர்வது கீழே இருப்பவர்களின் ஆற்றில்தான். புதுப் புதுத் தடம் போடாமல் இருக்கிற பாதையிலேயே ஆட்களைக் கட்டி மேய்ப்பதும் வழிகாட்டியின் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஏடிவியில் ஏற்றிப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்புகிறோம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரிய ஏடிவியில் ஏற்றாதீர்கள் என்று அமெரிக்காவின் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கும் பதினாறுதான். ஹெல்மெட் சட்டம் 1973-இல் வந்தது. தோட்டத்து கேட்டுக்குள் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது!

நம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "அந்தப் பையன் நம்ம மெம்பரா? தோட்டத் தொழிலாளியா? நமக்கென்ன?" என்று கேட்டார். கேட்டது தப்பில்லை, சங்கத்துக்கு விதி இருக்கிறது. ஆனால் அவன் அப்பா முப்பது வருசம் சந்தா கட்டினார். தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனதால்தான் மகன் மலைக்குப் போனான். ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கவும், தொழிலாளர் இலாகாவுக்குக் கூட வரவும் மெம்பர் கார்டு எதற்கு? இந்தப் பிள்ளைகள் நாளைக்குத் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினாலும் நாம் கூடப் போய் நிற்க வேண்டியவர்கள்தான்.

ஆகவே உங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் போகிற பிள்ளை இருந்தால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, வேலைக்கு வந்த மணி, விட்ட மணி, எத்தனை சவாரி, யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதட்டும். முதலாளி அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம். "நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்ற ஒரு வரியே சாட்சி. சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். அடிபட்டால் அன்றைக்கே படம் எடுத்து, எந்த இடம், எத்தனை மணி, கூட இருந்தது யார் என்று குறித்து வைக்க வேண்டும். டாக்டரிடம் 'மோட்டாரில் விழுந்தேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'வேலையில் அடிபட்டது' என்று சொல்லி எழுதி வாங்க வேண்டும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் தெரிவிக்கவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு மலையில் வேலை இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த நோட்டுப் புத்தகத்தோடு சங்க ஆபீசுக்கு அனுப்பி வையுங்கள். ஏழு மணி வரை ஆள் இருப்போம்.