விருந்தினராகச் செல்வோம்

மலைவாழ் மக்களைக் காணச் சுற்றுலா செல்லலாமா, கூடாதா? இலக்கிய மன்றத்தில் இவ்வினா எழுந்தபோது தோழியர் சிலர், "கூடாது, அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும்" என்றனர். எங்கள் கருத்து வேறு. செல்லலாம், ஆனால் சென்ற ஆண்டு நாங்கள் சென்றதுபோல் அன்று.

உதகைக்கு அருகே ஒரு மந்துக்குச் சென்றோம். தோடர் தம் ஊரை மந்து என்பர். சற்று விலகி அவர்களுடைய கோயில் இருந்தது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த கூரை. தவழ்ந்தே நுழைய வேண்டிய சிறு வாயில். எருமைப்பால் அவர்களுக்குப் புனிதமானது. இவற்றையெல்லாம் கேட்டறிய எங்களுக்குப் பொறுமை ஏது? ஆசிரியையின் கைப்பேசியை வாங்கிப் படம் எடுக்க ஓடினோம். திண்ணையில் பூவேலை செய்துகொண்டிருந்த மூதாட்டியிடம், "பாட்டி, ஆடிக் காட்டுங்கள்" என்றோம். அருகிலிருந்த பெண், "பாட்டிக்கு முழங்கால் வலி. நீங்கள் எந்த வகுப்பு?" என்று கேட்டாள். ஒன்பது என்றோம். "நானும் ஒன்பதுதான்" என்றாள். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. நம் வீட்டு வாசலில் நாற்பது பேர் வந்து நின்று நம் பாட்டியை ஆடச் சொன்னால், அம்மா சும்மா இருப்பாரா? துடைப்பத்தை அல்லவா எடுப்பார்!

பிறகு அவளே பலவற்றையும் கூறினாள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பாட்டி செய்த வேலைக்கு வரைபடமே கிடையாது. இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். இக்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வரும் வழியில் "என்ன பசுமை!" என்று நாங்கள் வியந்த சீகை மரங்களும் தைலமரங்களும் அயல்நாட்டிலிருந்து வந்தவையாம். அவை புல்வெளியை விழுங்கியதால் எருமைகளுக்கு மேய்ச்சல் குறைந்துவிட்டது. எங்கள் பாடநூலிலிருந்து இதனை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

தோடர் மொழியை எழுத்தில்லாப் பேச்சு என்று நாங்கள் எளிதாக எண்ணியிருந்தோம். எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் நீலகிரியில் தங்கி, அவர்களுடைய பாடல்களைக் கேட்டெழுதி, 1971இல் பெரிய நூலாகவே வெளியிட்டிருக்கிறார். அவர் விருந்தினராகச் சென்றார். நாங்கள் வேடிக்கை பார்க்கச் சென்றோம்.

இவ்வாண்டு செல்லும் தங்கையர் முன்னரே கடிதம் எழுதி இசைவு பெறட்டும். பத்துப் பத்துப் பேராகச் செல்லட்டும். பூவேலைத் துணி வாங்கினால் தைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுக்கட்டும், பேரம் வேண்டாம். அருட்சகோதரியிடம் இதைக் கூறியிருக்கிறோம்.

அந்தத் தோழிக்கு நாங்கள் எழுதிய கடிதத்திற்குப் பதில் வந்துள்ளது. பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்கும் கடினமாக இருக்கிறதாம்.