தொகுப்பு வீடுகளும் குளிரட்டும்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை முற்றமும் உயர்ந்த கூரையும் வெயிலிலிருந்து காக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கப் பலர் பேசுகிறார்கள். 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கே வீடு தந்தது. அன்று கட்டிய தொகுப்பு வீடுகளும் இன்று பழைய வீடுகள்தான். இவற்றுக்காகப் பேசுவது யார்?

தாழ்வான கான்கிரீட் தளம் பகல் வெயிலை உள்வாங்கி, இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. வயலில் வெந்தவர்கள் வீட்டிலும் வேகிறார்கள். பழுதுபார்ப்பு என்றால் விரிசலைப் பூசுவது மட்டுமல்ல. தளம் தாங்குமிடத்தில் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும். தாங்காத இடத்தில் தளத்தைச் சீராக்கி, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். இதற்கு மின்கட்டணம் கிடையாது. மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக்கக் கேளுங்கள். மாணவர்களே, மனுவை நீங்கள் எழுதுங்கள்.