சுமக்கும் மரமும் சும்மா இருக்கும் மரமும்

நுவரெலியாவிற்கு உல்லாசப் பயணம் செல்லும் அன்பர்கள் கிராண்ட் ஹோட்டலைக் கண்டு வியவாது திரும்புவதில்லை. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கென அமைத்த மாளிகையிலிருந்து வளர்ந்த கட்டடம் அது. வெண்சுவரின்மீது இருண்ட நிற மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அதன் முகப்பு, இங்கிலாந்தின் பழைய மதுச்சாலைகளை நினைவூட்டுவதாகும்.

அம்மதுச்சாலைகளின் அமைப்பை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அங்கே முதலில் எழுவது சுவரன்று. ஓக் மரச் சட்டகமே. தச்சன் ஒரு மரத்தின் நுனியிற் கழுந்து செதுக்கி, மற்றொன்றிற் குடைந்த துளையிற் செருகி, மரமுளை அறைந்து இறுக்குவான். ஈரமரம் உலர உலரப் பொருத்துகள் மேலும் இறுகும். கூரையின் பாரத்தை இச்சட்டகமே தாங்கும். இடைவெளிகளில் வரிச்சுப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்புவர். நம் கிராமத்து மண்வீட்டுச் சுவரும் இதுவேயன்றோ! இலண்டனில் 1676ஆம் ஆண்டுத் தீயின்பின் மீண்டும் எழுப்பப்பட்ட ஜோர்ஜ் விடுதி, மரச்சட்டகத்தோடு இன்றும் மதுச்சாலையாக விளங்குகின்றது.

நுவரெலியாவிலோ கதை வேறு. இங்கே பாரம் சுமப்பவை கல்லும் செங்கல்லுமே. மேலே தெரியும் மரம் பெரும்பாலும் அலங்காரப் பலகை. மூடுபனியும் குளிரும் தம்மூரைப் போன்றிருக்கக் கண்ட துரைமார், வீட்டையும் தம்மூர் வீடாகவே சமைத்துக்கொண்டனர். 1876இல் ஹில் கிளப்பும், 1894இல் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு கூடிய செங்கல் தபாற்கந்தோரும் தோன்றின. பிறந்த மண்ணை நினைப்பது பிழையன்று.

ஆனால் பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவர் அவர்கள் மட்டுமல்லர். தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்த நம் முன்னோரும் வரிச்சுச் சுவரையும் திண்ணையையும் அறிந்தவர்களே. அவர்களுக்குக் கிடைத்ததோ ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பரா. நிலமும் தோட்டத்தினுடையது, கூரையும் தோட்டத்தினுடையது. ஆகவே ஊர் நினைவை அவர்கள் மாரியம்மன் கோயிலிலேயே கட்டிவைத்தனர்.

அடுத்த முறை நுவரெலியா செல்லும் மாணவர், அழகிய முகப்பைக் கண்டதும், அம்மரம் எதைச் சுமக்கின்றது என்று கேட்டுப் பார்க்கட்டும். பின்னர் ஹற்றன் வழியே திரும்புகையில் மலைச்சரிவின் லயங்களையும் நோக்கட்டும். இம்மலைநாட்டின் செல்வத்தைச் சுமந்தவர்களின் சந்ததியாருட் பலர் இன்றும் அவற்றிலேதான் வாழ்கின்றனர். காணி உரிமையோடு கூடிய வீடு அவர்களுக்குக் கிட்டும் நாளில், அவர்களும் தம் மனம்போல ஒரு திண்ணை கட்டுவர்.