பருப்பு வேகாத கதையை யார் எழுதுவது?

"நம்ம பொழப்புல கதை எழுத என்னங்க இருக்கு?" ஊருல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. நாம கழனிக்குப் போறோம், புள்ளைங்க கும்மிடிப்பூண்டி ரயிலைப் புடிச்சு கம்பெனிக்குப் போறாங்க. கொலை இல்ல, கொள்ளை இல்ல, அதனால கதையும் இல்லயாம். எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க.

அசோகமித்திரன் எழுதின 'தண்ணீர்' நாவல் 1973-ல வந்தது. சென்னையில ஒரு தெருவுல குழாய்ல தண்ணி வரல. பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறாங்க. ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி, பக்கத்துல ஒரு டீச்சரம்மா. பெரிய சம்பவம்னு எதுவும் கிடையாது. ஆனா அம்பது வருஷம் தாண்டியும் அதைப் படிக்கிறாங்க. அந்தக் காலத்துல பட்டணம் எப்படித் தவிச்சுதுன்னு எந்தக் கணக்குப் புத்தகமும் அப்படிச் சொல்லாது.

படிச்சப்போ எனக்கு வேற ஒண்ணு உறைச்சுது. அந்தப் பட்டணத்துக்குத் தண்ணி குடுத்ததுல நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1960-கள்ல தொடங்கி மீஞ்சூர், பஞ்செட்டி பக்கம் போர் போட்டு தண்ணி எடுத்தாங்க. உறிஞ்ச உறிஞ்ச, நிலத்தடியில கடல் தண்ணி உள்ள வந்துச்சு. கிணறு கரிச்சுது. 2010-ல காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலையும் வந்தாச்சு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். இதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில இருக்குது. குடம் தூக்கினவங்க கதை நாவலாயிடுச்சு. கிணறு கரிச்சுப்போனவங்க கதை?

கட்டுரையில உப்பு ஒரு எண்ணு. வீட்டுல அது துவரம்பருப்பு. எவ்வளவு நேரம் அடுப்புல வெச்சாலும் வேகாது. மாமியா மருமகளைத் திட்டுவாங்க, மருமக மளிகைக்கடைக்காரரைத் திட்டுவா. சோப்பு நுரைக்காது, நாத்து நுனி கருகும். கடைசியிலதான் கிணத்து மேல சந்தேகம் வரும். லாரிக்குத் தண்ணி வித்த குடும்பமும் உண்டு. நெல்லுல வர்றதைவிட மோட்டார் ஓடினா காசு அதிகம். பக்கத்துக் கழனிக்காரர் பேச்சை நிறுத்திடுவாரு. அந்தக் காசுல நடக்குற கல்யாணப் பந்தியில அவரு வந்து உக்காருவாரா, மாட்டாரா? இதைவிட என்னங்க திருப்பம் வேணும்?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பல்லு விளக்கினேன், டீ குடிச்சேன்னு வரிசையா எழுதினா அது டைரி. சாதாரண நாளுக்குள்ள யாருக்கோ ஏதோ ஒண்ணு கைவிட்டுப் போகணும், இல்ல போயிடுமோன்னு பயம் இருக்கணும். அப்பதான் கதை. முடிவுல புத்திமதியும் வேணாம்.

"எழுதப் படிப்பு வேணுமே?"ன்னு கேட்பீங்க. கி.ராஜநாராயணன் இடைசெவல் விவசாயி. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், முப்பது வயசுக்கு மேலதான் எழுத வந்தார். வரி பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போறதுதான் அவரோட 'கதவு' கதை. 1991-ல சாகித்ய அகாதமி விருது வாங்கினார். கரிசல் பேச்சுக்கு அகராதியே போட்டார். நம்ம கழனிப் பேச்சு மட்டும் என்ன மட்டமா?

கேன் தண்ணியிலயே வளர்ற புள்ளைக்கு, இந்தக் கிணறு ஒரு காலத்துல இனிச்சுதுன்னு சொன்னா புராணம் மாதிரி இருக்கும். அந்தத் தண்ணியில பருப்பு வேக வெச்ச பாட்டிங்க இன்னும் சில பேர் திண்ணையில உக்காந்திருக்காங்க. அவங்க இருக்கறப்பவே கேட்டு எழுதிடுங்க.